வாசல் கொடியில் ஏழு டிராயர்கள்

கடலுக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் நடுவில் இருக்கும் அத்தனை ஊர்களிலும், ஆண்பிள்ளைகளின் இடுப்புக்குக் கீழே காற்று வருகிறதா இல்லையா என்று எங்கள் பட்டாபட்டியைப் போலக் கவலைப்பட்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. நாட்டில் மழை பெய்யவில்லை, விலைவாசி ஏறிவிட்டது என்றெல்லாம் மற்றவர்கள் கவலைப்படுவார்கள். அவருக்கு ஒரே கவலைதான். எதிரே வருகிறவன் உள்ளே போட்டிருப்பது இறுக்கமான ஜட்டியா, தொளதொள டிராயரா?

அவர் எங்கள் அலுவலக பஸ் டிரைவர். செங்கல்பட்டில் காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலோரத்து அலுவலகத்தில் இறக்கிவிடுவார். மாலையில் அதே வழியில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் உபயோகித்ததில்லை என்பதால் நானும் இங்கே வீணாக்கப்போவதில்லை.

நான் டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில்தான் உட்காருவேன். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு; ஒழிந்த நேரத்தில் பத்திரிகைக்கு ஏதாவது எழுதுவேன். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், எதிரே வரும் லாரிகளை எண்ணுவேன், பிரேக் பிடிக்குமா என்று ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாக ஒரு பிரேக்கை மிதிக்கும். "சார், அந்த எடத்துல பிரேக்கு இல்ல சார், என்னாண்டதான் கீது," என்பார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை அது ஆரம்பித்தது. எங்களுடையது பழைய பஸ். இன்ஜின் முன்னால், டிரைவரின் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் குமாஸ்தா ஒருவர் சாப்பாட்டு டப்பாவை அந்த மூடிமேல் வைத்துச் சூடாக்கிக்கொள்வார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை நம்மவர் டிரைவர் சீட்டின் ரெக்சினை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஒயர் பின்னிய புது சீட் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி பின்னுகிறவரிடம் கொடுத்துச் செய்தது. சல்லடை மாதிரி ஓட்டைகள்.

"என்னய்யா இது?" என்றேன்.

"காத்து வர்ற சீட்டு சார்."

"பழைய சீட்டுக்கு என்ன கேடு?"

"சூடு சார். டாக்டரு சொல்லிட்டாரு. ஆம்பளைக்கி அந்த எடம் மட்டும் ஒடம்ப விடக் கொஞ்சம் கூலா இருக்கணுமாம். அதுக்குத்தான் ஆண்டவன் அத்த உள்ள வைக்காம வெளிய தொங்க வுட்டுக்கிறான். நாம இன்னா பண்றோம்? ஜட்டியப் போட்டு இஸ்துக் கட்டி, அதுக்கு மேல பேன்ட்டப் போட்டு இறுக்கி, இன்ஜினுக்குப் பக்கத்துல குந்திகினு கீறோம். வெந்து பூடாதா சார்?"

எனக்குப் பின்னால் இரண்டு டைப்பிஸ்ட் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, திருக்கழுக்குன்றம் வருவதற்கு வெகு முன்பே மலைமேல் கழுகைத் தேட ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுய்யா," என்றேன்.

"மெதுவாப் பேசிப் பேசித்தான் சார் பாதிப் பேருக்குத் தெரியாமப் பூச்சி," என்று கியரை மாற்றினார்.

அவருக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, உயிரணு எண்ணிக்கை கம்மி என்று சொல்லியிருக்கிறார். இறுக்கமான ஜட்டி கூடாது, சூட்டில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றாராம். ஒரு மனிதனின் எண்ணிக்கை குறைவு என்று கேட்டதும் எனக்கு அவர்மேல் தனி அனுதாபம் வந்துவிட்டது.

அந்த வாரமே கடைத்தெருவில் கோடு போட்ட பருத்தித் துணி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து டிராயர்கள் தைத்துக்கொண்டார். எலாஸ்டிக் கூடாது என்று நாடா வைத்தது. ஒன்றுக்குள் இரண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கலாம். பட்டாபட்டி என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. டிராயரின் கோடு மங்கினாலும் பெயர் மங்கவில்லை.

நானும் அவரும் ஒரே தெரு. எங்கள் தெருவில் உள்ளாடை என்றால் கொல்லைப்புறத்தில்தான் காயும். அதுவும் ஒரு துண்டுக்கு அடியில், திருட்டுப் பொருள் மாதிரி. பட்டாபட்டியின் டிராயர்கள் மட்டும் வாசலில் காய்ந்தன. ஜன்னல் கம்பியிலிருந்து முருங்கை மரத்துக்கு ஒரு கொடி கட்டி, வரிசையாக ஏழு. சிவப்புக் கோடு மூன்று, நீலக் கோடு இரண்டு, பச்சை இரண்டு. காற்றடித்தால் அத்தனையும் உப்பிக்கொண்டு, தேர்தல் நேரத்துத் தெரு மாதிரி இருக்கும். தபால்காரர் குனிந்துதான் போவார். ஒரு நாள் யாருடைய ஆடோ வந்து ஒரு நீலத்தைத் தின்றுவிட்டது. நான் பதறிப்போய்ச் சொன்னால், "வுடு சார், இனிமே அந்த ஆடு மூணு மூணாப் போடும் பாரு," என்றார். மறுநாளே புது நீலம் வந்து எண்ணிக்கை சரியாகிவிட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

வாசலில் ஏன் காயப்போடுகிறார் என்பது அவருடைய அம்மா வந்த அன்று புரிந்தது.

அந்த அம்மாள் அச்சரப்பாக்கத்தில் இருந்தார். மல்லாட்டை என்று அவர் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு பஸ் பிடித்து வருவார். பேச்சு வாசலிலேயே ஆரம்பித்துவிடும், தெரு முழுவதும் கேட்கும்படி.

"நாலு வருசமாச்சி, ஒரு புழு பூச்சி இல்ல. அவள அவ அம்மா வூட்ல கொண்டு போய் வுட்டுட்டு வா. எங்கண்ணன் பொண்ணு கீறா. இந்தத் தையிலயே முடிச்சிடலாம்."

மருமகள் கஸ்தூரி நிலைப்படிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த பெண். புடவைத் தலைப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

பட்டாபட்டி அம்மாவின் கையைப் பிடித்துக் கொடிக்கு இழுத்து வந்தார்.

"ம்மா, இத்தப் பாரு. இது இன்னா?"

"கருமம். இத்த ஏன்டா வாசல்ல தொங்க வுட்டுக்கினு கீற?"

"ஊரு பாக்கட்டும்னுதான். கொறை என்னுது. டாக்டரு சொல்லித்தான் போட்டுக்கினு கீறேன். இன்னொருத்தியக் கட்டிக்கினா மட்டும் எனக்கு சரியாப் பூடுமா? உங்கண்ணன் பொண்ணையும் கொணாந்து இப்டிக் கதவுக்குப் பின்னால நிக்க வைக்கணுமா?"

அம்மாள் ஏழு டிராயரையும் பார்த்தார். மகனைப் பார்த்தார். எதிர் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். மல்லாட்டை மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, ஆடிக்கு என்று மறுபடி மறுபடி வந்தார். ஒவ்வொரு தடவையும் பேச்சை எடுப்பார், மகன் கொடியைக் காட்டுவார், அம்மாள் வாயை மூடிக்கொள்வார். ஊரில் எத்தனையோ பெண்களை இதே குறைக்காக மாமியார்கள் பஸ் ஏற்றி அனுப்பிய காலம் அது. கஸ்தூரி மட்டும் அந்த வீட்டில் இருந்தாள்.

இதற்கிடையில் பஸ்ஸில் பிரசாரம் மும்முரமாக நடந்தது. அலுவலகத்தில் சேகர் என்று ஒரு என்ஜினீயர் பையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. திருவிடந்தை கோயிலில் மாலை போட்டுச் சுற்றி வேண்டிக்கொண்டு, கல்யாணம் ஆனதும் தம்பதியாக அதே மாலையோடு திரும்பப் போவது வழக்கமல்லவா? அப்படிப் போனபோது பட்டாபட்டியும் கூடப் போனார். சன்னதியை விட்டு வெளியே வந்ததும் புது மாப்பிள்ளை கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். எல்லோரும் வெள்ளி டம்ளர் என்று நினைத்தார்கள். சேகரின் மாமனார் ஆசையாகப் பிரித்தார். ஆறு டிராயர்.

"பெருமாள் வேல கல்யாணத்தோட முடிஞ்சிச்சி நைனா," என்றார் பட்டாபட்டி. "மீதி வேலக்கிக் காத்து வேணும்."

மாமனார் பொட்டலத்தைக் கட்டத் தெரியாமல் கட்டினாராம்.

சேகருக்கு ஒரு வருஷமாகியும் ஒன்றுமில்லை. ஜீன்ஸ் பேன்ட்டை விடமாட்டேன் என்றவன், தினமும் பஸ்ஸில் வாங்கிய திட்டில் பொட்டலத்தைப் பிரித்தான்.

"இன்னிக்கிப் போட்டு நாளைக்கி வரணும்னா வராதுப்பா," என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "அது உள்ள புதுசா வெளைஞ்சி வரணும். மூணு மாசம் ஆவும். அப்பறம், டிராயர் ஒண்ணே போதும்னு குந்திகினு இராதே. டாக்டராண்ட போ. ரெண்டு பேரும் போங்க. பொண்டாட்டிய மட்டும் தனியா அனுப்பிட்டு நீ வெளிய டீ குடிச்சிகினு நிக்காதே. தெரிதா?"

அடுத்த வருஷம் சேகர் பஸ்ஸில் மைசூர்பாகு கொடுத்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையா, டிராயரா, சும்மா வரவேண்டிய நேரத்தில் வந்ததா, யாருக்குத் தெரியும்? பாதிப் பேருக்கு எப்படியும் பிறந்திருக்கும் என்று கணக்குப் பிரிவு சார்பில் நான் எடுத்துச் சொன்னேன். பஸ்ஸில் யாரும் காது கொடுக்கவில்லை. பட்டாபட்டியின் கைராசி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, ரகசியமாக அளவு சொல்லிவிட்டுப் போனார்கள். டிராயர் வாங்கியவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள், நான் எண்ணியவரை, பதினொன்று. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒரு மைசூர்பாகு வரும். அதை அவர் வாயில் போடாமல் பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ஆயுதபூஜை அன்று அந்தக் குழந்தைகளை எல்லாம் பஸ்ஸுக்குக் கொண்டுவருவார்கள். பட்டாபட்டி ஒவ்வொன்றாக மடியில் வைத்து ஹாரன் அடிக்க விடுவார். கஸ்தூரி எல்லோருக்கும் பொரியும் கடலையும் கொடுப்பாள். ஒரு வருஷம், கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் அம்மாளிடம் அவள் பொரி கொடுக்கப் போனாள். குழந்தை இவளைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. அந்த அம்மாள் சட்டென்று குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையால் அதன் முகத்தை மூடினாள்.

கஸ்தூரி பொரித்தட்டோடு அப்படியே நின்றாள்.

திடீரென்று ஹாரன் அலறியது. விடாமல் அலறியது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் பட்டாபட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா தாயி? கொறை என்னுதுதானே? ஊருக்கே தெரியுமே! என்னப் பாத்து வேணா புள்ளைய மூடிக்க. அவ தூக்கினா இன்னா ஆவும்? வேணும்னா சொல்லு, பேன்ட்டக் கயட்டி டிராயரக் காட்டட்டுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் இடுப்பு பெல்ட்டில் கை வைத்ததும், "அய்யய்யோ, வேணாம்!" என்று அந்த அம்மாள் குழந்தையைக் கஸ்தூரி கையில் கொடுத்தே விட்டாள். கஸ்தூரி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே அவள் என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கப் போகவில்லை. அன்று ஹாரன் அடிக்கக் காத்திருந்த குழந்தைகள் எத்தனை என்று எண்ணக்கூட எனக்கு மறந்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் எல்லோரும் கோவளம் கடற்கரைக்குப் போயிருந்தோம். இளவட்டங்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். எனக்கு அலை பயம், வெயில் பயம், மணல் செருப்புக்குள் போய்விடும் பயம். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன். பட்டாபட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கேட்டேன். "ஊருக்கெல்லாம் பிறந்தது. உனக்கு மட்டும் ஏன்யா அந்த டிராயர் வேலை செய்யல?"

அவர் கடலைப் பார்த்துச் சிரித்தார்.

"அது வேல செஞ்சிச்சி சார். போட்டு மூணு மாசத்துல மறுபடி டெஸ்ட்டு எடுத்தாங்க. எண்ணிக்க சரியாப் பூச்சி. ஒனக்கு ஒரு கொறையும் இல்ல, போடான்ட்டாரு டாக்டரு."

"அப்புறம்?"

"அப்பாலதான் அவளப் பாத்தாங்க. சின்ன வயசுல காசநோய் வந்துக்கிது போல. அது கர்ப்பப்பையையே கெடுத்து வுட்டுருச்சாம். இதுக்கு மருந்து இல்லன்னு என்ன மட்டும் தனியாக் கூப்ட்டு சொன்னாரு."

ஓர் அலை வந்து பாதி வழியில் திரும்பிப் போனது.

"தத்து எடுக்கலாம்னு கேட்டுப் பாத்தேன். பூச்சி மருந்தக் குடிச்சிடுவேன்னுச்சி அம்மா. நான் அன்னிக்கே டிராயரக் கயட்டிப் போட்டிருந்தா அது இன்னா கேக்கும்? 'ஒனக்கு சரியாப் பூச்சே, அப்ப புள்ள எங்க?' அடுத்த பஸ்ல அவள ஏத்தி அனுப்பிடும். அதான் சார், கயட்டவே இல்ல."

"கஸ்தூரிக்கு?"

"தெரியாது. கொறை என்னுதுன்னுதான் அதுவும் நெனச்சிகினு கீது. ஒரு நாளு ஒரு வார்த்த குத்திப் பேசினதில்ல சார். நீங்க வாயத் தொறந்தீங்கன்னா கொன்னுடுவேன்."

இப்படி ஒரு வியாதிக்காரரை நான் பார்த்ததில்லை. மருந்து பலித்த நாளிலிருந்து வியாதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். கண்டவன் எல்லாம் கேலி செய்ய, அந்தக் கேலியைச் சம்பாதித்துக் கொண்டுபோய் வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

நான் ஓய்வுபெற்ற அன்று எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். பச்சைக் கோடு. "எனக்கு எதுக்குய்யா? பேரன் பேத்தி எடுத்தாச்சு," என்றேன். "சொம்மா போடு சார், காத்து வரும்," என்றார். நான் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவரும் பிறகு அந்த வேலையை விட்டு, சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டினார். கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் தட்டுகிற பையன்களைக் கண்ணாடியில் பார்த்து, "அந்தப் பொட்டியக் கீழ வைய்யி நைனா, அடுப்பு மாரி சுடுது பாரு, வெந்துடும்," என்று கத்துவாராம். அவர்கள் அதைக் கைப்பேசியில் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு சிரித்தார்களாம். என் பேரன் சொன்னான்.

அச்சரப்பாக்கத்து அம்மாள் இறந்த மறு வருஷம் பட்டாபட்டிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கவனிக்காமல் விட்டுவிட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது பேச்சு நின்றிருந்தது. கஸ்தூரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் போய்விட்டார். மயானத்துக்கு வந்தவர்களில் சேகர் இருந்தான், அளவு கொடுத்த மற்றவர்களும் இருந்தார்கள். அவர்களோடு வளர்ந்த பையன்கள் சிலர். ஹாரன் அடித்த பையன்கள்.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, காலையில் பால் வாங்கப் போனவன் அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். கொடியில் டிராயர்கள் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்து, நீலம் போட்டு, வரிசையாக. எண்ணினேன். ஏழு.

கஸ்தூரி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்?"

"பழக்கம் சார்." பிறகு மெதுவாக, "அவரு உங்களாண்ட சொல்லிக்கிறாரு இல்ல?" என்றாள்.

பால் செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். "என்ன... என்ன சொன்னார்?"

"கொறை யாருதுன்னு. எனக்குத் தெரியும் சார். அவரு டிராயர் போட்ட அடுத்த வருசமே எங்கக்கா என்னப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போனா. எல்லாத்தையும் பாத்து சொல்லிட்டாங்க."

"அவர்கிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"எப்டி சார் சொல்றது? நான் தெருவுல தல நிமிந்து நடக்கணும்னு அந்த மனுசன் தன் மானத்தக் கொண்டாந்து வாசல்ல தொங்க வுட்டாரு. எனக்குத் தெரியும்னு சொன்னா, அவரு பட்ட கஷ்டம் எல்லாம் வீணாப் பூடாதா? பின்பக்கம்தான் நல்ல வெயிலு. ஆனா ஒரு நாளு கூட இத்த அங்க போட்டதில்ல. நானேதான் தொவச்சி இங்க காயப்போட்டேன்."

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரியும். எழுதட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"எழுதுங்க சார். இனிமே என்ன யாரு பஸ் ஏத்தப் போறாங்க? ஊரு சிரிச்சது பாதிதான். மீதியும் தெரியட்டும்."

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். பொட்டலம் அப்படியே இருந்தது. பச்சைக் கோடு மங்கவில்லை. போட்டு நாடாவை முடிந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, இந்த வயசில் இது என்ன கூத்து என்று சிரித்தாள். காற்று நன்றாகத்தான் வருகிறது.

மறுநாள் அதைத் துவைத்துக் கொல்லைப்புறம் கொண்டுபோனவளைத் தடுத்து, வாசலில் ஒரு கயிறு கட்டிக் காயப்போட்டேன். என்னிடம் ஏழு இல்லை, ஒன்றுதான். ஆனால் தெருமுனையில் பஸ் திரும்பும்போது, டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.